அப்பா ஹட்டன்ல பொறந்தவர், நான் குன்னூர்ல: இலங்கை குடியுரிமையும் சேத்து வாங்க முடியுமா?

11.06.2024, காலை (கேள்வி, குன்னூர்ல இருந்து ஒரு தம்பி)

அண்ணே, எங்கப்பா இலங்கைல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல 1955-ல பொறந்தவர். 1973-ல குடும்பத்தோட கப்பல்ல வந்தாங்க. நான் 1985, குன்னூர். இந்திய பாஸ்போர்ட் இருக்கு. இலங்கைல டூயல் சிட்டிசன்ஷிப் குடுக்கறாங்கன்னு டொராண்டோல இருக்கற யாழ்ப்பாண நண்பர் சொல்றார், அவரே வாங்கிட்டாராம். அப்பாவோட இலங்கை பிறப்புச் சான்றிதழ் கையில இருக்கு. இந்திய பாஸ்போர்ட்ட விடாம அதையும் வாங்கி, நுவரெலியா பக்கம் ஒரு ஏக்கர் எடுத்து ஹோம்ஸ்டே போடலாம்னு ஒரு நெனப்பு. நடக்குமா?

11.06.2024, ராத்திரி

நடக்காது. இந்தியா பக்கமும் அடைச்சிருக்கு, இலங்கை பக்கமும் அடைச்சிருக்கு. ஆனா ரெண்டு அடைப்பும் வேற வேற காரணத்துக்கு. நாளைக்கு விவரமா எழுதறேன், இப்ப கரண்ட் போயிட்டு போயிட்டு வருது.

12.06.2024

இந்தியா பக்கம் சுலபம், ரெண்டு வரில முடிஞ்சுரும். அரசியலமைப்பு 9-வது பிரிவு, அப்புறம் 1955 குடியுரிமைச் சட்டத்தோட 9-வது பிரிவு. நீங்களா விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினா அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போச்சு. யாரும் வந்து பறிக்க வேண்டியதில்ல, நீங்க கையெழுத்து போட்டு ஒப்படைக்கணும்னுகூட இல்ல, தானா போயிரும். எந்த நாடுன்னு பாகுபாடெல்லாம் கெடையாது, கனடாவோ இலங்கையோ ஒண்ணுதான். வெளிநாட்டுப் பிரஜையா இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற ஓசிஐ கார்டை டூயல் சிட்டிசன்ஷிப்னு நம்மாளுங்க சொல்லிட்டுத் திரியறாங்க. அது ஆயுசுக்கும் செல்லுற விசா மாதிரி, அவ்வளவுதான். ஓட்டு கெடையாது, விவசாய நிலம், எஸ்டேட் நிலம் வாங்க முடியாது, அரசு வேலை கெடையாது.

அதனால இலங்கைக்காரன் தங்கத் தட்டுல வெச்சு நீட்டினாலும் நீங்க ரெண்டையும் சேத்து வெச்சுக்க முடியாது. இதோட பதில் முடிஞ்சுருச்சுன்னு எடுத்துக்கலாம். ஆனா எனக்கு முடியல, ஏன்னா இலங்கை பக்கத்துலதான் நம்ம கதையே இருக்கு.

12.06.2024, பின்னிரவு

தூக்கம் வரல, எழுதிடறேன்.

டொராண்டோ நண்பருக்கு எப்படிக் கெடைச்சுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். இலங்கையோட 1948-ம் வருஷத்து 18-ம் நம்பர் குடியுரிமைச் சட்டம். அதுல 19-வது பிரிவு. ஏற்கனவே இலங்கைப் பிரஜையா இருந்து, வேற நாட்டுக் குடியுரிமை வாங்கினதால அதை இழந்தவங்க, மறுபடி அதை எடுத்துக்கலாம்னு அது சொல்லுது. இனிமேத்தான் வேற நாட்டுக் குடியுரிமை வாங்கப் போறவங்க முன்கூட்டியே இதைத் தக்க வெச்சுக்கவும் அதுலயே வழி இருக்கு. ஆக, 'மறுபடி' இல்லன்னா 'தக்க'. ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு கையில இருந்திருக்கணும்.

இப்ப உங்கப்பா. 1955-ல ஹட்டன்ல பொறந்தார். மண்ணுல பொறந்தா அந்த நாட்டுக்காரன்னு இலங்கைச் சட்டம் சொல்லல. 1948 நவம்பர் 15-க்கு அப்புறம் பொறந்தவங்களுக்கு, பொறந்த அன்னைக்கு அவங்க அப்பா இலங்கைப் பிரஜையா இருந்திருக்கணும். அதுக்கு முன்னாடி பொறந்தவங்கன்னா அப்பா அங்க பொறந்திருக்கணும், இல்லன்னா தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் அங்கயே பொறந்ததுக்குக் காயிதம் காட்டணும். தோட்டத்துல கொழுந்து பறிக்க தமிழ்நாட்டுலருந்து கங்காணி கூட்டிட்டுப் போனவங்கள்ல எத்தன பேருகிட்ட அப்பாவோட பிறப்புக் காயிதம் இருந்திருக்கும்? அதுக்கப்புறம் 1949-ல இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம்னு ஒண்ணு வந்து, மனு போடலாம்னாங்க. கலியாணமானவங்க 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம் அங்க குடியிருந்ததுக்கு ஆதாரம் குடுக்கணும். எட்டு லட்சம் பேருக்குப் பக்கமா மனு போட்டதுல தேறினது ஒரு லட்சத்துச் சொச்சம். மீதிப் பேருக்கு எந்த நாடும் இல்ல.

ஆக உங்க தாத்தா பிரஜை இல்ல, அதனால உங்கப்பாவும் பிரஜை இல்ல. சான்றிதழ எடுத்துப் பாருங்க, இனம்னு ஒரு கட்டத்துல 'இந்தியத் தமிழ்'னு எழுதியிருக்கும். அவர் அங்க பொறந்தார்ங்கறதுக்கு அது ஆதாரம், அங்கத்து ஆளுங்கறதுக்கு இல்ல. டொராண்டோக்காரர் இழந்ததத் திருப்பி வாங்கினார். நம்மாளுங்க கேட்டா, குடுக்காத கடனத் திருப்பிக் கேக்கற மாதிரி ஆயிரும்.

13.06.2024

ராத்திரி எழுதினதப் படிச்சுட்டு ஒருத்தர் "அப்ப சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எதுக்கு"ன்னு கேக்கறார். அதத்தான் சொல்ல வர்றேன். இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் போட்டது, 1964 அக்டோபர் 30. நாடில்லாம நின்னவங்க 9,75,000 பேருன்னு கணக்குப் போட்டாங்க. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கும், மீதி ஒன்றரை லட்சத்த அப்புறம் பாத்துக்கலாம். 1974-ல அந்த அம்மாவும் இந்திரா காந்தியும் உக்காந்து அந்த மீதியயும் பாதிப் பாதியா பிரிச்சாங்க, ஆளுக்கு 75,000. பேசினது ரெண்டு அரசாங்கம்தான், தோட்டத்துல இருந்தவங்கள யாரும் கேக்கல.

கேட்டதெல்லாம் அதுக்கப்புறம், இந்தியாவுக்கு எழுதிக் குடுக்கறியா, சிலோனுக்கு எழுதிக் குடுக்கறியான்னு. எங்க வீட்டுல அப்பா இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தார், சித்தப்பா சிலோனுக்கு. தாத்தாவோட யோசனை அது, எது விடிஞ்சாலும் ஒருத்தனாவது கரையேறுவான்னு. குடும்பமே சேந்து இரட்டைக் குடியுரிமை வாங்கிருச்சு பாருங்க, ஆளுக்கு ஒண்ணா.

13.06.2024, கொஞ்ச நேரம் கழிச்சு

"அப்ப நான் இந்தியனே இல்லயா"ன்னு கேள்வி கேட்ட தம்பி பயந்து போய் தனியா எழுதியிருக்கார். ஐயா சாமி. 1950 ஜனவரி 26-லருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் இந்திய மண்ணுல பொறந்தவங்க பொறப்பாலயே இந்தியர், அப்பா அம்மா யாரா இருந்தாலும் சரி. 85-ல பொறந்திருக்கீங்க, நிம்மதியா தூங்குங்க.

16.06.2024

டொராண்டோக்காரரே வந்து எழுதிட்டார். அவர் எழுதினபடியே போடறேன்:

"அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி, ஆனா எல்லாருக்கும் சும்மா தூக்கிக் குடுக்கிறாங்கள் எண்டு நினைக்கக் கூடாது. எனக்கு 55 வயசு தாண்டினபடியால் அந்தப் பிரிவில போட்டனான். மற்றாக்கள் படிப்புத் தகைமை காட்டோணும், இல்லாட்டிக் காணி, வைப்புப் பணம் காட்டோணும். பொலிஸ் றிப்போட், பழைய பாஸ்போட், கனடாப் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் கேட்டவங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கத்தான் பெரிய பாடு, எங்கட பக்கம் சண்டையில கச்சேரிப் (அரசாங்க ஆபீஸ்) பதிவுகள் கனக்க அழிஞ்சு போச்சு."

அவர் சொல்லாத ஒண்ணு நான் சேத்துக்கறேன். இந்த வசதி 1987 திருத்தத்துல வந்தது. 2011 வாக்குல நிறுத்தி வெச்சு, 2015-ல ஆட்சி மாறினப்புறம் மறுபடி ஆரம்பிச்சாங்க. அப்ப கட்டணம் இரண்டரை லட்சம் இலங்கை ரூபாய். இப்ப டாலர்லதான் வாங்கறாங்க, அவங்க நெலமை அப்படி.

19.06.2024

எதிர்பாத்தேன், வந்துருச்சு. "ரெண்டு பாஸ்போர்ட்டும் வெச்சுக்கிட்டு எவன்கிட்டயும் சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்"னு ஒரு மகராசன்.

ரெண்டு விஷயம். ஒண்ணு, இலங்கைல அந்த விண்ணப்பம் போடும்போதே நீங்க எந்த நாட்டுப் பிரஜைங்கறதுக்குக் காயிதம் வெக்கணும். அவங்க குடுக்கற சான்றிதழே நீங்க ரெண்டு நாட்டு ஆளுன்னு சொல்லுது. ஒளிச்சு வெக்கறதுக்குன்னு அதுல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணு, குடியுரிமை போனப்புறம் அத மறைச்சு இந்திய பாஸ்போர்ட்ட புதுப்பிக்கப் போனீங்கன்னா 1967 பாஸ்போர்ட் சட்டத்துல 12-வது பிரிவு இருக்கு. ஒரு வருஷத்துக்குக் கொறையாம அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ள, அபராதம் பத்தாயிரத்துலருந்து அம்பதாயிரம் வரைக்கும். ஹோம்ஸ்டே நடத்தறதுக்குப் பதிலா வேற ஸ்டேல இருக்க வேண்டி வரும்.

20.06.2024

பேச்சு அரசியல் பக்கம் போயிருச்சு, சரி போகட்டும். அங்க டூயல் வெச்சிருக்கறவங்க பாராளுமன்றத்துக்குப் போகக்கூடாதுன்னு 2015-ல 19-வது திருத்தம் வந்தது. 2017-ல கீதா குமாரசிங்கன்னு ஒரு எம்.பி., சுவிஸ் குடியுரிமையால சீட்ட இழந்தாங்க. 2020-ல 20-வது திருத்தம் வந்து தடைய எடுத்தாங்க, அமெரிக்கப் பிரஜையான பசில் ராஜபக்சவும், அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவோட தம்பி, உள்ள வந்தார். 2022-ல அவங்க ஆட்சி கவுந்தப்புறம் 21-வது திருத்தம், மறுபடி தடை. போன மாசம்தான் டயானா கமகேவுக்கு பிரிட்டிஷ் குடியுரிமைய வெச்சு உச்ச நீதிமன்றம் சீட் இல்லன்னு சொல்லிருச்சு. ராஜபக்ச அண்ணன் தம்பிக்காக சட்டம் உள்ளயும் வெளியயும் போயிட்டு வந்த வேகத்துல, தோட்டத்துக்காரங்க விஷயமும் ஓடியிருந்தா 1948-ல ஆரம்பிச்சது 2003 வரைக்கும் இழுத்திருக்காது.

20.06.2024, மறுபடி

2003 என்னன்னு கேக்கறாங்க. அந்த வருஷத்து 35-ம் நம்பர் சட்டம். 1964 அக்டோபர் 30-லருந்து இலங்கைல நிரந்தரமா குடியிருக்கற இந்திய வம்சாவளியினர், அவங்க வாரிசுங்க, எல்லாருக்கும் பிரஜாவுரிமை. இந்திய பாஸ்போர்ட் வாங்கிட்டு கப்பல் ஏறாம அங்கயே தங்கிட்டவங்களுக்கும் வழி வெச்சாங்க, இந்தியக் குடியுரிமைய விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா போதும். சித்தப்பாவோட அடுத்த லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) இருந்தவர் ஒருத்தர் பாஸ்போர்ட்ட தகரப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா 'அடுத்த கப்பல், அடுத்த கப்பல்'னே இருந்தாராம். 1984 வாக்குல கப்பலும் நின்னுபோச்சு. கடைசில அவருக்குக் கெடைச்சுது. ஏறி வந்த உங்கப்பாவுக்கும் எங்கப்பாவுக்கும் அதுல எடமில்ல. அவங்க இந்தியப் பிரஜைங்க, இங்க குடியிருக்கறவங்க. சட்டம் அந்த எடத்துல தெளிவாத்தான் இருக்கு.

02.07.2024

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்துட்டார், இந்தத் தடவ அம்மா பக்கமா. அவங்கம்மா குடும்பம் சிலோனுக்கு எழுதிக் குடுத்ததாம், பதிவுச் சான்றிதழே வாங்கியிருந்தாங்களாம். 1983 கலவரத்துக்கு அப்புறம் இங்க வந்து, அப்பாவக் கட்டி, பின்னாடி இந்தியப் பிரஜையா பதிஞ்சுக்கிட்டாங்களாம். இது நான் மேல சொன்னதுலருந்து மாறுபட்ட கதைதான். அம்மா உண்மையிலேயே பிரஜையா இருந்து, இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கினதால இழந்தவங்க. இலங்கைச் சட்டப்படி பாத்தா டொராண்டோக்காரர் நின்ன அதே வரிசைல அவங்களும் நிக்கலாம்.

நின்னு வாங்கினா என்னாகும்? 12.06 குறிப்புல இருக்கறதுதான் ஆகும், இந்தியா போயிரும். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஓட்டு எல்லாத்தோடயும். அறுபது வயசுக்கு மேல அந்த அம்மா கொழும்புக்கும் குன்னூருக்கும் ஓசிஐ கார்டோட அலையணுமா?

பையனுக்கு அம்மா வழியா வருமான்னா, வராது. அம்மா வழியும் செல்லும்னு இலங்கைச் சட்டம் மாறினது 2003-ல. 85-ல அப்பா வழி மட்டும்தான். அப்பா யாருன்னு முன்னாடியே பாத்துட்டோம்.

03.07.2024

மேல எழுதினதுல 'அலையணுமா'ன்னு கேட்டது கொஞ்சம் அதிகப்படி. அந்த அம்மாவுக்கு நிஜமாவே ஆசை இருக்கலாம். எங்கம்மா போற வரைக்கும் அங்க மலைநாட்டு பொகவந்தலாவை மழையப் பத்தித்தான் பேசிட்டிருந்தாங்க, இங்க சேரம்பாடில பெய்யாத மழையா. கேட்டுப் பாருங்க தம்பி, அவங்க முடிவு அது.

18.08.2024

நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் முந்தாநேத்து மறுபடி ஓட ஆரம்பிச்சிருக்கு. ஒடனே மூணு பேரு, "இப்ப ஏதாச்சும் விதி மாறியிருக்கா"ன்னு. கப்பலுக்கும் குடியுரிமைக்கும் என்னங்க சம்பந்தம், விசா எடுத்துட்டு ஏறிப் போயிட்டு வாங்க.

ஆனா போனா ஒண்ணு நடக்கும், அத மட்டும் சொல்லி வெக்கறேன். என் பாஸ்போர்ட்ல பிறந்த இடம் பொகவந்தலாவை. கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல கவுண்டர்ல இருக்கறவர் அதப் பாத்துட்டு என்னப் பாப்பார், மறுபடி பாஸ்போர்ட்டப் பாப்பார். ஒரு தடவ ஒரு சின்னப் பையன், மரியாதையாத்தான், "இங்க பிறந்திருக்கீங்க, ஏன் விசா எடுத்து வாறீங்க, டூயல் போடலாமே"ன்னு கேட்டான். 48, 49, 64, 74 எல்லாத்தையும் அந்த வரிசைல நின்னு எப்படிச் சொல்றது, பின்னாடி ஒரு ஐபிஎல் பனியன் போட்ட கூட்டமே நிக்குது. "யோசிக்கறேன் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன் வயசுக்கு அங்க பள்ளிக்கூடத்துல இதச் சொல்லிக் குடுத்திருக்கவே மாட்டாங்க. இங்கயும் யாரு சொல்லிக் குடுத்தா?

19.08.2024

இங்க இலங்கை அகதி முகாம்கள்ல இருக்கறவங்களப் பத்தி ஏன் எழுதலன்னு கோவமா ஒருத்தர். நியாயமான கோவம்.

83-க்கு அப்புறம் படகேறி வந்தவங்கள்ல மலையகத்து (தோட்டத்து) ஆளுங்களும் இருக்காங்க, பல்லாயிரக்கணக்குல. வடக்க வன்னிப் பக்கம் குடியேறி அங்கருந்து ஓடி வந்தவங்க. பூர்வீகம் இதே தமிழ்நாடு. ஆனா பாஸ்போர்ட்டோட வராததால சட்டத்துல 'சட்டவிரோதமா குடியேறினவங்க'ன்னு பேரு, அந்தப் பேரு இருக்கற வரைக்கும் குடியுரிமைக்குப் பதிவு பண்ண முடியாது. 2019 சிஏஏ (குடியுரிமைத் திருத்தச் சட்டம்) ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம்னு மூணு நாட்டுக்குத்தான் வழி விட்டது. அதே 2019-ல திருச்சி முகாம்காரங்க போட்ட வழக்குல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவங்க மனுவ பரிசீலிக்கச் சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல ஒரு பொண்ணு, 1986-ல ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் முகாம்ல பொறந்தவங்க, நான் மேல சொன்ன அந்த 1987 ஜூலை விதிய வெச்சு வாதாடி, 2022-ல நீதிமன்ற உத்தரவோட பாஸ்போர்ட் வாங்கி, இந்த ஏப்ரல்ல மொத ஓட்டும் போட்டாங்க. ஒரு ரெண்டு வருஷம் தள்ளிப் பொறந்திருந்தா அதுவும் இல்ல.

இலங்கை 2009-ல அந்த 2003 சட்டத்தத் திருத்தி, சண்டையால இந்தியாவுக்கு ஓடிப்போன இந்திய வம்சாவளியினருக்கும் பிரஜாவுரிமை உண்டுன்னு சேத்தது. ஆக முகாம்ல இருக்கறவங்களுக்கு அந்தப் பக்கம் வழி இருக்கு, இந்தப் பக்கம் இல்ல. நமக்கு இந்தப் பக்கம் இருக்கு, அந்தப் பக்கம் இல்ல. ரெண்டும் கேட்டு நம்ம கேள்வி-பதில் ஓடுது, அவங்க கேக்கறது ஒண்ணு.

24.09.2024

தேர்தல் முடிஞ்சு அங்க புது ஜனாதிபதி வந்தாச்சு. அதனால கேள்வியும் மறுபடி மேல வந்துருச்சு. தம்பி, நெலத்துக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது ஹோம்ஸ்டே, பிரஜாவுரிமை இல்ல.

2014-ம் வருஷத்து 38-ம் நம்பர் நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரர் பேருக்கு நெலம் கிரயம் பண்ண முடியாது. டூயல் வெச்சிருக்கறவங்களுக்கு அந்தத் தடை இல்ல, டொராண்டோக்காரர் வாங்கலாம், நீங்க வாங்க முடியாது. அடுக்குமாடி வீடுன்னா நிபந்தனையோட வெளிநாட்டுக்காரரும் வாங்கலாம். நுவரெலியாவுல அடுக்குமாடில ஹோம்ஸ்டேன்னா பனிய மட்டும்தான் காட்டணும். இல்லன்னா குத்தகை, 99 வருஷம் வரைக்கும் எடுக்கலாம். சொந்தக்காரங்க பேர்ல வாங்கிப் போடறேன்னு ஆரம்பிச்சு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்னுபோனத எங்க சொந்தத்துலயே பாத்துட்டேன். குத்தகையே மேல். அங்க நொத்தாரிசு (நோட்டரி வக்கீல்) ஒருத்தர வெச்சு பழைய உறுதியெல்லாம் (கிரயப் பத்திரம்) பாத்துட்டு எழுதுங்க, தோட்ட நெலம்னா பாதிக்குப் பாதி அரசாங்கத்துக்குச் சொந்தமா இருக்கும்.

25.09.2024

கடைசியா ஒண்ணு, இது தலைகீழ் கேள்வி. சித்தப்பா பேத்தி ஹட்டன்லருந்து கேக்குது, "பெரியப்பா, எனக்கு இந்திய ஓசிஐ கெடைக்குமா, கோயம்புத்தூர்ல படிக்கணும்"னு. இதுக்கு வாய்ப்பு இருக்கு. பாகிஸ்தான், வங்கதேசம்னா ஓசிஐ கெடையாது, இலங்கைக்கு அந்தத் தடை இல்ல. அரசியலமைப்பு வந்தப்ப இந்தியப் பிரஜையாகத் தகுதி இருந்தவங்களோட புள்ள, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் கேக்கலாம். நடுவுல ஒரு காயிதம் அறுந்தாலும் போச்சு. தாத்தாவோட ஊர் முசிறி பக்கம்னு வாய்வார்த்தையா சொன்னா செல்லாது.

எங்கப்பாவோட பழைய பாஸ்போர்ட், கண்டில குடுத்தது, அதுல தகப்பன் பேரு இருக்கு. கப்பல்ல வந்தப்ப மண்டபம் முகாம்ல குடுத்த குடும்ப அட்டையும் இருக்கு. அவ தாத்தாவும் எங்கப்பாவும் கூடப்பொறந்தவங்கன்னு ரெண்டு பிறப்புச் சான்றிதழ்லயும் தகப்பன் பேரு ஒண்ணா வரணும். ஒண்ணுல ராமசாமி, இன்னொண்ணுல ராமன், தோட்டத்து கிளார்க்கு அன்னைக்கு எந்த மூடுல இருந்தாரோ. அதத் திருத்த அங்க பதிவாளர் ஆபீசுல மனு குடுத்திருக்கு.

இதே மாதிரி பேரு மாறிப்போன வீடுங்க நம்ம பக்கம் நெறைய இருக்கும். குடும்ப அட்டை வெச்சிருக்கறவங்க கலர்ல ஸ்கேன் எடுத்து வெச்சுக்கங்க, பின்பக்கமும் சேத்து, அதுலதான் முத்திரையும் தேதியும் இருக்கு. ஒரிஜினல கூரியர்ல அனுப்பாதீங்க.